பிரசவ அறைக்குள் வேண்டாம் பனிப்போர்

சிக்கல் இல்லாத பிரசவங்களைப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளின் பொறுப்பில் விடலாம் என்று 2018 டிசம்பரில் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவு பெற்ற செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி அளித்து, பிரசவங்கள் அதிகம் நடக்கும் அரசு மருத்துவமனைகளில் தனிப் பிரிவுகளை அவர்களிடம் ஒப்படைப்பதே திட்டம். தெலங்கானாவின் அரசு மருத்துவமனைகளில் இவர்கள் ஏற்கெனவே பணிக்கு வந்துவிட்டனர். தமிழகத்துக்கும் இது அவசரத் தேவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கு 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் முடிகின்றன. தனியார் மருத்துவமனைகளில் இது 63.8 சதவீதம். இத்தனை தாய்மாருக்கும் அறுவை சிகிச்சை தவிர்க்க முடியாததாக இருந்தது என்று நம்புவது கடினம்.

ஆனால், மருத்துவரும் மருத்துவச்சியும் ஒருவரையொருவர் நம்பாத இடத்தில் இத்திட்டத்தை நுழைத்தால் அது உயிர்களைக் காவு வாங்கும். மருத்துவச்சிகளுக்கு நீண்டகாலமாகச் சட்ட அங்கீகாரம் உள்ள இங்கிலாந்தின் அனுபவமே அதற்குச் சாட்சி.

வடமேற்கு இங்கிலாந்தின் பாரோ நகரிலுள்ள ஃபர்னஸ் பொது மருத்துவமனையில் 2004 முதல் 2013 வரை நடந்தவற்றை பில் கிர்க்கப் தலைமையிலான குழு விசாரித்தது. தக்க சிகிச்சை கிடைத்திருந்தால் 11 குழந்தைகளும் ஒரு தாயும் பிழைத்திருக்கக்கூடும் என்று அக்குழு 2015இல் அறிக்கை அளித்தது. திறன் குறைபாட்டோடு, மகப்பேறு மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள், மருத்துவச்சிகள் இடையே உறவு கெட்டுப்போயிருந்ததையும் அது முக்கியக் காரணமாகச் சுட்டியது. எப்பாடுபட்டாவது இயற்கைப் பிரசவம் என்பதில் மருத்துவச்சிகள் சிலர் பிடிவாதமாக இருந்தனர். ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத அவர்களுக்கு ‘மஸ்கெட்டியர்கள்’ என்றே பட்டப்பெயர் இருந்தது.

அதே நாட்டின் ஷ்ரூஸ்பரி - டெல்ஃபோர்டு மருத்துவமனைகள் குறித்து 2022 மார்ச்சில் வெளியான, டோனா ஓக்கெண்டன் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை இன்னும் கொடியது. நல்ல கவனிப்பு இருந்திருந்தால் 201 குழந்தைகள் உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்றது அது. அறுவை சிகிச்சை விகிதம் குறைவாக இருந்ததே அங்கு பெருமையாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கிழக்கு கென்ட் பகுதி மருத்துவமனைகள் பற்றி கிர்க்கப் அளித்த அறிக்கை, ஆராய்ந்த 202 நேர்வுகளில் 97இன் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும் என்று கண்டது. மருத்துவச்சிகளுக்குள்ளேயே கோஷ்டிகள் இருந்ததையும், மிரட்டலும் மட்டம்தட்டலும் நடந்ததையும் அது பதிவுசெய்தது.

இதைக் காட்டி, ‘மருத்துவச்சி முறையே வேண்டாம்’ என்று வாதிடுவோர் அறிக்கைகளைப் பாதிதான் படிக்கிறார்கள். அழைக்கத் தயங்கிய மருத்துவச்சிகளோடு, வர வேண்டிய நேரத்தில் வராத மூத்த மருத்துவர்களையும் அந்த அறிக்கைகள் குற்றம் சாட்டின. அழைப்பதை அவமானமாகவும் வருவதைத் தொந்தரவாகவும் எண்ண வைத்த பணிச்சூழலே அங்கு பெருங்குற்றவாளி.

அந்தச் சூழல் நமக்கு அந்நியமா? இரவு நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் பிரசவம் பார்ப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். மருத்துவரை அழைத்தால், “இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க?” என்ற கடுகடுப்பு. மேல்சிகிச்சைக்கு அனுப்பத் தாமதமானால், “முன்னாடியே ஏன் அனுப்பல?” என்ற கேள்வியோடு மெமோ. கர்ப்பிணியை மாதக்கணக்கில் அறிந்த கிராம சுகாதார செவிலியரின் சொல்லோ பிரசவ அறைவரை எட்டுவதே அரிது. இவர்களுக்கு நடுவேதான் புதிய மருத்துவச்சி வந்து நிற்கப்போகிறார். தன் அதிகாரம் பறிபோகிறது என்று மருத்துவர் நினைக்கலாம். தன்னைவிட இளையவருக்குத் தனிப் பட்டமா என்று மூத்த செவிலியர் புழுங்கலாம். எல்லோரும் ஒதுங்கி நின்றால், வந்தவர் பயிற்சியை மறந்து வேறு வார்டுக்குப் போய்ச் சேருவார்.

எனவே சில விதிகள் முன்கூட்டியே வேண்டும். எந்தப் பிரசவம் மருத்துவச்சியின் பொறுப்பு, எந்த அறிகுறி கண்டால் மருத்துவரை அழைக்க வேண்டும், அழைத்தால் எவ்வளவு நேரத்துக்குள் அவர் வர வேண்டும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அழைத்தவரைக் கடிந்துகொள்வதைப் பணி ஒழுங்கு மீறலாகக் கருத வேண்டும். உதிரப்போக்கு, குழந்தைக்கு மூச்சுத்திணறல் போன்ற அவசர நிலைகளுக்கான பயிற்சியை இரு தரப்பும் ஒரே அறையில் சேர்ந்து பெற வேண்டும். மருத்துவச்சிகளை வேறு வார்டுகளுக்கு மாற்றக் கூடாது; அவர்களுக்கெனப் பதவி உயர்வுப் பாதையும் தகுந்த ஊதியமும் வேண்டும்.

தாய்மார் மரணங்களைத் தணிக்கை செய்வதில் தமிழகம் முன்னோடி. அந்தத் தணிக்கையைத் தண்டனையிலிருந்து பிரிக்க வேண்டும். கீழ்நிலை ஊழியர் மட்டும் பதில் சொல்லும் கூட்டத்தில் உண்மை வெளிவராது. அறுவை சிகிச்சையைக் குறைக்கிறோம் என்று மருத்துவமனைக்கு மருத்துவமனை இலக்கு நிர்ணயிப்பதும் ஆபத்து. மொத்த அறுவை சிகிச்சை விகிதத்தை வைத்து மருத்துவமனைகளின் செயல்பாட்டை அளக்க வேண்டாம் என்று 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுத் துறையே அறிவுறுத்திவிட்டது.

2018-20 கணக்குப்படி தமிழகத்தில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் என்ற விகிதத்தில் உயிரிழந்தனர், கேரளத்தில் 19. இந்த இடைவெளியைக் குறைக்க மருத்துவச்சிகளும் தேவை, மருத்துவர்களும் தேவை. புதிய பிரிவுகளுக்குத் திறப்பு விழா நடத்தும் முன், இரு தரப்பையும் அழைத்துப் பேசி இந்த விதிகளை அரசாணையாக வெளியிட வேண்டும். அதைச் செய்யாமல் ஆட்களை மட்டும் அமர்த்தினால், பிறகு வரும் விசாரணை அறிக்கைகளுக்கு அரசே பொறுப்பேற்க நேரிடும்.