சாரையை ஏன் அடித்தோம்?

போன மாதம் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், விறகுக் குவியலில் இருந்து ஒரு பாம்பு வந்ததும், பெரிய வகுப்பு அண்ணன்கள் அதை அடித்ததும், கம்பில் தூக்கிக்கொண்டு கிரவுண்டைச் சுற்றி வந்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் யாரையும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அது சாரைப் பாம்பு. விஷம் கிடையாது. எலி தின்று பிழைக்கிற பாம்பு. அரிசி மூட்டையை எலி கடிக்குது என்று ஆயாம்மா எத்தனை நாள் புலம்பியிருக்கிறார்கள்! அந்தப் பாம்பு அங்கே எதற்கு வந்திருக்கும் என்று ஒருத்தருக்கும் யோசனை வரவில்லை.

பாம்பால் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சராசரியாக வருஷத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் நம்மைப் போல கிராமத்து ஜனங்கள்தான்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு சித்தி கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேல் வெட்டப் போனபோது, சாயங்காலம், கட்டைக்கு அடியில் கை விட்டதும் சுருட்டைப் பாம்பு கடித்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் "மொதல்ல அந்தப் பாம்பை அடிங்கடா, கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டணும்" என்று ஆளுக்கொரு கம்போடு தேடினார்கள். அரை மணி நேரம் போச்சு. இரண்டு பாம்பை அடித்தார்கள். அதில் ஒன்று பச்சைப் பாம்பு! சித்தி வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தப் பாம்புகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிஷம் ஆடாமல் வைத்தார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தமாம். உறையவில்லை. மருந்தை குளுக்கோஸ் தண்ணியில் கலந்து ஏற்றினார்கள். நான்கு வகை விஷப் பாம்புக்கும் அந்த ஒரே மருந்துதானாம். "பாம்பை எதுக்கும்மா தூக்கிட்டு வர்றீங்க, ஆளைச் சீக்கிரம் கொண்டு வாங்க" என்று டாக்டர் சத்தம் போட்டார். சித்தி பிழைத்தது அந்த அரை மணி நேரத்தையும் மீறித்தான்.

அந்த நான்கு எது? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை. நம் நாட்டில் சாவு அதிகமாக இவற்றால்தான். இதில் கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. சுருட்டையோ சின்னது, மண் நிறத்தில் கிடக்கும். இவை நம் கண்ணில் படுவதே குறைவு. பகலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஓடுவது சாரையும் தண்ணிப் பாம்பும். அடி வாங்குவதும் அவைதான். கடிக்கிறது ஒன்று, சாகிறது ஒன்று!

இதே கதை கடலிலும் நடந்திருக்கிறது. அறிவியல் டீச்சர் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் மேற்கு மாநிலத்தில் சுறா கடித்துச் சிலர் இறந்துபோனதால், 2014இல் அரசாங்கமே குளிக்கிற கடற்கரைகளுக்குப் பக்கத்தில் இரை வைத்த பெரிய தூண்டில்களைப் போட்டது. மூன்று மாதத்தில் 172 சுறா மாட்டின. மூன்று மீட்டருக்கு மேல் இருந்தவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் ஜனங்கள் எந்தச் சுறாவுக்குப் பயந்தார்களோ அந்த வெள்ளைச் சுறா ஒன்றுகூட மாட்டவில்லை! ஆயிரக்கணக்கான பேர் கடற்கரையில் கூடி எதிர்த்தார்கள், அவர்களும் அதே கடலில் குளிக்கிறவர்கள்தான். அந்த வருஷமே அரசு திட்டத்தைக் கைவிட்டது. இதைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது சித்திக்காக அடித்த பச்சைப் பாம்பு.

இன்னொரு விஷயம். சித்திக்கு ஏற்றிய மருந்தே பாம்பின் விஷத்தில் இருந்துதான் வருகிறது. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அவர்கள் பாம்பை உயிரோடு பிடித்து, சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்து, திரும்பவும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் இருந்து மருந்து தயாரிக்கிறார்கள். பாம்பு பிடிக்கிற இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்ம திருச்சுழியில் பிறந்த ரமணரும், மலையில் இருந்த காலத்தில் பாம்பை அடிக்க விடமாட்டாராம், அது அவற்றின் இடம், நாம்தான் வந்து குடியேறியவர்கள் என்பாராம்.

"எது விஷப் பாம்பு, எது இல்லைன்னு பாத்துக்கிட்டா நிக்க முடியும்?" என்று என் பெஞ்சுத் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. பார்க்கவே வேண்டாம் புள்ள, பத்தடி தள்ளி நில்லு, அதுவே போயிரும் என்றேன். கம்போடு பக்கத்தில் போனால்தான் கடிக்கு எட்டுகிற தூரத்துக்குப் போகிறோம். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கு 101 போன் போடலாம். "அவங்க வர்றதுக்குள்ள பாம்பு ஓடிப்போயிருமே" என்றாள். ஓடினால் நல்லதுதானே! நாம் கேட்பதும் அதுதானே!

ராத்திரி வெளியே போனால் டார்ச், காட்டுக்குப் போனால் செருப்பு, கட்டைக்கு அடியில் கை விடுவதற்கு முன் கம்பால் ஒரு தட்டு. இவ்வளவையும் சித்தியிடம் சொன்னேன். கையில் இருக்கிற தழும்பைக் காட்டி, "ஒன்னைக் கடிச்சிருந்தா இப்படிப் பேச மாட்டே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் இப்போது டார்ச் இல்லாமல் அவர் வெளியே போவதில்லை.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விறகு இன்னமும் தரையில்தான் குவிந்து கிடக்கிறது. எலிப் பொந்தும் அப்படியே இருக்கிறது. செங்கல் வைத்து, மேலே விறகை அடுக்க எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். அனுமதி கொடுத்தால் பெரியவர்கள் ஒருவர் துணையோடு சனிக்கிழமையே செய்துவிடுவோம்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி