கலைமாணவனும் ஆய்வுகூடமும்

தமிழாசிரியனொருவன் உயிரியலைப் பற்றி எழுதப் புகுந்தமை இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலருக்கு நகைப்பை விளைக்கக்கூடும். ஈராண்டின் முன் யானும் நகைத்திருப்பேன். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்தோடு பல்லாண்டு கற்பித்தபின், நாற்பது கடந்த வயதிலே ஒரு பட்டமும் பெறல் வேண்டுமென்னும் ஆசை எழுந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலே இணையவழி மாணவனாகச் சேர்ந்தேன். இலக்கியம் பயில வந்தோரும் விஞ்ஞான பாடமொன்றைச் செய்முறையோடு கற்றே ஆகவேண்டுமென்பது அங்குள்ள விதி. அமெரிக்கக் கல்விமுறையிலே இது பெருவழக்கு. ஆகவே, சாதாரண தரப் பரீட்சையோடு விஞ்ஞானத்துக்கு விடைகொடுத்த யான் மீண்டும் அதன் வாயிலிலே நின்றேன். அவ்வாயிலும் கணினித் திரையே.

அத்திரையிலே ஆய்வுகூடமொன்று சித்திரிக்கப்பட்டிருந்தது. வெங்காயத் தோலைச் சுட்டியால் இழுத்துக் கண்ணாடி வழுக்கியில் வைத்தேன். அயடீன் துளி தானே விழுந்தது. நுணுக்குக்காட்டியின் திருகை அசைத்தவுடன், செங்கல் அடுக்கினாற்போலக் கலங்களும் அவற்றினுள்ளே கருக்களும் தெளிவாகத் தோன்றின. பத்து நிமிடத்திலே பாடம் முடிந்தது. முழுப் புள்ளியும் கிடைத்தது.

மறுவாரம், முன்னொருகால் என்னிடம் தமிழ் படித்து இன்று நம் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பிக்கும் இளைஞரொருவர், மெய்யான நுணுக்குக்காட்டியிலே பார்க்கும் வாய்ப்பை அளித்தார். தோலை உரித்தேன், சுருண்டது. மறுபடி உரித்தேன், தடித்திருந்தது. மூன்றாம் முறை ஒருவாறு பரப்பி மூடித்துண்டை வைத்து நோக்கியபோது, கரிய விளிம்போடு வட்டவட்டமாகச் சில தோன்றின. கலங்களைக் கண்டுவிட்டேன் என மகிழ்ந்து கூறினேன். அவர் குனிந்து பார்த்து, "ஐயா, அவை காற்றுக் குமிழிகள்" என்றார். மூடித்துண்டைச் சரித்து மெல்ல இறக்காமையே காரணமாம். திரையிலே குமிழி இல்லை. ஆதலால் குமிழியையும் கலத்தையும் பிரித்தறியும் கண் எனக்கு வாய்த்திலது.

திரையை முற்றாகப் பழித்தல் என் கருத்தன்று. பழ ஈக்களின் கண்ணிறம் சந்ததிதோறும் எவ்வாறு செல்கின்றதெனக் காண்பதற்கு மெய்யாகவே ஈ வளர்த்தால், ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏறத்தாழ 10 முதல் 12 நாள் வேண்டும். திரையில் அஃது ஒரு மணி நேர வேலை. தேரையின் உள்ளுறுப்புகளையும் ஓர் உயிரைக் கொல்லாமலே கற்றேன். சைவப் பிள்ளைகள் பலருக்கு இஃது ஆறுதலாகும். 2020 இலும் 2021 இலும் பெருந்தொற்றினாலே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, அத்திரைதானும் கிடையாதிருந்த பிள்ளைகளை நாம் அறிவோம்.

ஆயினும் எனக்கு விஞ்ஞானம் கற்பித்தது உருளைக்கிழங்கே. கிழங்குத் துண்டைத் தூய நீரிலிட்டால், கலத்தின் மென்சவ்வினூடாக நீர் உட்புகுந்து நிறை கூடும். செறிந்த உப்புநீரிலிட்டால் நீர் வெளியேறி நிறை குறையும். இதனைப் பிரசாரணம் என்பர். திரையிலே செய்தபோது எல்லா மாணவருக்கும் ஒரே எண்கள் வந்தன. பின்பு வீட்டிலே செய்து அளவுகளை அனுப்புமாறு பணித்தனர். நகைத் தொழிலாளரொருவரின் சிறு மின்தராசை இரவல் வாங்கி, 10 கிராம் நிறையுள்ள இரு துண்டுகளை வெட்டி இட்டேன். உப்புநீரிற் கிடந்த துண்டு துவண்டு சுருங்கிற்று. மற்றையதோ, திரை காட்டிய அளவிற் பாதியேனும் நிறை கூடவில்லை. மீண்டும் செய்தேன், அவ்வாறே வந்தது. திரையிலுள்ள எண்ணை எழுதியனுப்பினால் யார் அறிவார்? பேனாவை எடுத்தும்விட்டேன். பிள்ளைகளின் கட்டுரைகளிலே பார்த்தெழுதிய வரிகளைக் கண்டாற் சிவப்பு மையாற் கோடிடுகின்ற கை அது.

தேநீருக்கும் உதவாத கிணற்றுநீரையா தூய நீர் என்கின்றீர்கள் என்று மனைவி வினவினாள். எங்கள் வீடு கடலுக்கு அணித்து, கிணறு உவர்க்கிணறு. மழைநீர் பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து ஊற்றி மூன்றாம் முறை செய்தேன். நிறை திரையின் எண்ணை அண்மித்தது. குடாநாட்டின் நன்னீர் மழையாற் சுண்ணக்கற் பாறையினுள்ளே தேங்குவதென்றும், மிகுதியாக இறைப்பின் அடியிலுள்ள உவர்நீர் மேலேறுமென்றும் புவியியலிலே படித்திருந்தேன். அதனைத் தராசிலே கண்டது அன்றுதான். மூன்று அளவுகளையும் காரணத்தோடு எழுதியனுப்பினேன். கிடைத்த புள்ளி வெங்காயத்துக்குக் கிடைத்ததிலும் குறைவு. அதுபற்றி எனக்குக் கவலையில்லை.

2015 ஆம் ஆண்டளவிலே சுன்னாகப் பகுதிக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்துள்ளதென்னும் முறைப்பாடு பெரிதாக எழுந்ததை அன்பர்கள் மறந்திரார். ஒன்றோடொன்று முரணான கூற்றுகள் வெளிவந்தன. எந்த அளவை யார் எவ்வாறு எடுத்தார் என்று கேட்க அறியாது, உரத்துப் பேசியவர் பக்கம் சாய்ந்தோருள் யானும் ஒருவன். நம் கலைப்பிரிவிலிருந்து நாளை கிராம அலுவலரும் பிரதேச செயலாளரும் சட்டத்தரணியும் பத்திரிகையாளரும் தோன்றுவர். நீரைப் பற்றிய அறிக்கைகள் அவர்தம் மேசைக்கே வரும். அவர்களுட் பெரும்பாலோர் 16 வயதின்பின் ஆய்வுகூடத்தின் படியை மிதிப்பதில்லை.

தமிழுக்கும் இதனாற் பயனுண்டு. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய 99 மலர்களை ஆண்டுதோறும் கற்பிக்கின்றேன். வேலியோரத்திலே கண்டால் இன்னதென யான் கூறவல்லவை பத்தும் தேறா. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயிலே மேலைமருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். அம்மண்ணிலே தமிழாசிரியன் நுணுக்குக்காட்டிக்கு அஞ்சுவது அழகன்று.

எனவே யான் வேண்டுவது இது: உயர்தரக் கலைப்பிரிவு மாணவர் யாவரும் ஒரு தவணை, வாரத்துக்கு ஒரு பிற்பகல், ஆய்வுகூடத்திலே பழகுதல் வேண்டும். பரீட்சைச் சுமை தடையென்பர். இதற்குப் பரீட்சையே வேண்டாம். கருவிகள் போதா என்பர், அது மெய். வளைவும் வாயிலும் கட்ட முன்வரும் பழைய மாணவர்கள், இம்முறை நுணுக்குக்காட்டிகளை நினைந்தருளல் வேண்டும். முற்கூறிய இளைஞர் வெள்ளிதோறும் ஒரு மணி நேரம் தர இசைந்துள்ளார். அதிபரின் அனுமதி கிடைத்தால், முதல் வகுப்புக்கு வரும் மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்றுநீரை ஒரு போத்தலிலே கொண்டுவருக. உருளைக்கிழங்கை யான் வாங்கி வருவேன்.