மழைக்கு எந்த டயர்?

4.9 லிட்டர் வி8, 400 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம். பி.எம்.டபிள்யூ. எம்5-இன் இ39 மாடல் (1998-2003) இன்றும் ஐரோப்பாவில் பலரின் கனவு. காருக்குக் கொட்டிக் கொடுப்பவர்கள் டயர் என்றதும் ஏனோ கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஈர ரோட்டில் அத்தனை குதிரைகளையும் இழுத்துப் பிடிப்பது ஏறக்குறைய உள்ளங்கை அகல ரப்பர், நான்கே நான்கு! டி.எஸ்.சி. இருக்கிறதே என்பார்கள். இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் டயருக்கு லேபிள் உண்டு. 2021 மே முதல் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை ஐந்து தரங்கள். இந்தக் காருக்கு 'ஏ' தவிர வேறெதையும் யோசிக்கவே கூடாது. ஆனால் அந்த எழுத்து, புது டயரை மெல்லிய நீர்ப்படலத்தில் பிரேக் போட்டுப் பார்த்த கணக்கு. தண்ணீர் தேங்கிய ஆட்டோபானில் டயர் மிதக்குமா என்பதை அது சொல்லாது. எம்5-இன் பின்டயர் அகலம் 275 மி.மீ.; அகலம் கூடினால் மிதப்பதும் சுலபம். நீரை வெளியேற்றுவது பள்ளங்கள்தான். சட்டம் 1.6 மி.மீ. ஆழம் வரை அனுமதிக்கிறது. ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.டி.ஏ.சி. கோடை டயருக்கு 3 மி.மீ. என்கிறது. சங்கம் சொல்வதே சரி.

மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்ற பந்தயத்தட டயர்கள் காய்ந்த ரோட்டில் ராஜா. அடைமழையில் வேலைக்குப் போகிறவருக்கு எதற்கு?

பின்னால் மட்டும் மலிவு டயர் மாட்டுவது இன்னும் மோசம். வளைவில் வால் முந்திக்கொள்ளும். கடையில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம். எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.