ஐ7 பெருசா, ஐ3 பெருசா? முதல் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போன அப்பாவும் மகனும்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. கேட்ட மார்க்கை மகன் எடுத்துவிட்டான். இனி வாக்கு கொடுத்த அப்பாவின் முறை.

அவர் அம்பத்தூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். சீட்டு எடுத்த பணத்தில் 60,000 ரூபாயைச் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, மகனோடு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினார். கேமும் ஓட வேண்டும், இன்ஜினீயரிங் புராஜெக்ட்டும் செய்ய வேண்டும் என்பது மகனின் கணக்கு. "ஏங்க, ஒரு வருஷத்துல மூலையில போடுற மாதிரி எதையாவது வாங்கிட்டு வந்துடாதீங்க" என்பது அம்மாவின் கணக்கு. மானிட்டருக்குத் தனியாகப் பணம் கிடையாது. இப்போதைக்கு ஹாலில் இருக்கும் டிவிதான்.

டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி.ரோடு என்றால், சென்னைக்கு ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகள் வரை கடைதான். இருவரும் இரண்டு கடைகளில் கொட்டேஷன் வாங்கினார்கள்.

முதல் கடைக்காரர் மூச்சுவிடாமல் சொன்னார்: "ஐ7 புராசஸர், 16 ஜி.பி ரேம், 4 ஜி.பி கிராஃபிக்ஸ் கார்டு, 512 ஜி.பி எஸ்.எஸ்.டி, கலர் லைட் கேபினெட். விண்டோஸ் 11 போட்டே கொடுத்துடுவோம். 34,000 ரூபாய் சார். பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுக்கலாம்."

இரண்டாவது கடையில் ஐ3 புராசஸர், 16 ஜி.பி ரேம், 8 ஜி.பி கிராஃபிக்ஸ் கார்டு, 1 டி.பி எஸ்.எஸ்.டி. விலை 57,000.

அப்பாவுக்குத் தலை சுற்றியது. "டேய், ஏழு இருக்கிறது 34 ஆயிரம், மூணு இருக்கிறது 57 ஆயிரமா? யார்டா ஏமாத்துறாங்க?"

ஞாயமான கேள்விதான். முதல் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் வீடுகளில் பாதிப் பணம் காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

வால் பகுதியைப் பாருங்கள்

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் வீட்டுப் பெயர் மாதிரி. அசல் விவரம் அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. முதல் கடையின் கொட்டேஷனில் வெறும் 'ஐ7' என்று மட்டுமே எழுதியிருந்தது. மகன் கேட்ட பிறகுதான் முழுப் பெயர் வந்தது: ஐ7-3770. முதலில் இருக்கும் 3, மூன்றாம் தலைமுறை என்பதைச் சொல்கிறது. அது வந்த வருடம் 2012. இரண்டாவது கடை எழுதியிருந்தது ஐ3-12100எஃப். பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. இரண்டிலுமே நான்கு கோர், எட்டு த்ரெட். பத்து வருட இடைவெளியில் ஒவ்வொரு கோரின் வேகமும் எங்கேயோ போய்விட்டது. பழைய ஐ7-ஐ இந்தப் புது ஐ3 சாதாரணமாகத் தாண்டிவிடும்.

வேகத்தைக் கூட விட்டுவிடலாம். அந்தப் பழைய புராசஸர் டி.டி.ஆர்3 ரேமில் ஓடுவது. நாளைக்குப் புது போர்டு வாங்கினால் அந்த ரேமைக் கழற்றி மாட்ட முடியாது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு ஏற்றதாக அறிவித்திருக்கும் இன்டெல் புராசஸர் பட்டியலிலும் மூன்றாம் தலைமுறை கிடையாது. கடையில் குறுக்கு வழியில் போட்டுக் கொடுப்பார்கள், ஓடவும் செய்யும். ஆனால், மகன் ராத்திரி பகல் பேசிக்கொண்டிருக்கும் வாலரன்ட் கேம், விண்டோஸ் 11-ல் திறப்பதற்கு டி.பி.எம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கும். 2012 காலத்து போர்டுகளில் பெரும்பாலும் டி.பி.எம் 2.0 இருக்காது. எந்த கேமுக்காக வாங்குகிறோமோ, அந்த கேமே திறக்காது. விண்டோஸ் 10-க்குப் போகலாம் என்றால், அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது.

ஆக, 34 ஆயிரம் மலிவு இல்லை. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கலர் லைட் போட்ட விலை.

தொட்டி பெரிது, மோட்டார் சின்னது

அடுத்து அந்த '4 ஜி.பி கிராஃபிக்ஸ் கார்டு'. பெயரைக் கேட்டால் ஜி.டி 730. 2014-ல் வந்தது. இது படம் பார்க்க, இரண்டாவது மானிட்டர் மாட்ட உதவும் கார்டு. இன்றைய பெரிய கேம்கள் இதில் திக்கித் திணறும்.

4 ஜி.பி இருக்கிறதே என்றால், அது மொட்டை மாடித் தொட்டியின் அளவு. கீழே இருக்கும் மோட்டார் அரை ஹெச்.பி-யாக இருந்தால், தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? மோட்டார்காரரான அப்பாவுக்கு இது சட்டென்று புரிந்தது. கார்டு வாங்கும்போது ஜி.பி-யைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது மாடல் பெயர். இரண்டாவது கடை போட்டிருந்தது ஆர்.எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் வந்த கார்டு, 8 ஜி.பி. சாதாரண ஃபுல் ஹெச்.டி டிவியிலோ மானிட்டரிலோ விளையாட இது தாராளமாகப் போதும்.

பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டரில் பெரும் பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான் போக வேண்டும். மானிட்டர் நீங்கலாக நூறு ரூபாயில் 35 முதல் 40 ரூபாய் வரை அதற்கு ஒதுக்கலாம். புராசஸருக்கும் போர்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 30 ரூபாய். மிச்சத்தில்தான் ரேம், எஸ்.எஸ்.டி, எஸ்.எம்.பி.எஸ், கேபினெட் எல்லாம். இதில் விதிவிலக்கும் உண்டு. மகன் வாலரன்ட், சி.எஸ்2 மாதிரி கேம்கள் மட்டும்தான் விளையாடுவான் என்றால் இவ்வளவு பெரிய கார்டு தேவையில்லை. சைபர்பங்க் மாதிரி கனமான கேம்கள்தான் கார்டைப் பிழியும். அதனால் கடைக்குப் போவதற்கு முன், எந்தெந்த கேம் என்று ஒரு தாளில் எழுதச் சொல்வது நல்லது. அந்தத் தாள் பத்தாயிரம் ரூபாயைக்கூட மிச்சப்படுத்தலாம்.

கார்டுக்கு இப்போது காசே இல்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ரைஸன் 5 5600ஜி மாதிரி, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் புராசஸரை வாங்கி லேசான கேம்களை விளையாடிவிட்டு, அடுத்த வருடம் கார்டு சேர்க்கலாம். இதில் ஒரு சின்ன இழப்பு உண்டு. கேஷ் மெமரி, சாதாரண 5600-ல் 32 எம்.பி, 5600ஜி-யில் 16 எம்.பி-தான். கார்டு மாட்டிய பிறகு இது கொஞ்சம் பின்தங்கும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு? 2020, 2021-ல் கிரிப்டோ மைனிங்குக்காக ராத்திரி பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபோது மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. எல்லாமே கெட்டுப்போனவை இல்லை. ஆனால் எது நல்லது என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றி, புது மாடல் பெயரில் காட்டும் மோசடியும் உண்டு. ஜி.பி.யூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் அப்படிப்பட்ட பல போலிகளை அது காட்டிக்கொடுத்துவிடும். முதல் முறை வாங்குபவர்கள் வாரன்ட்டியோடு புதிதாக வாங்குவதே நிம்மதி.

"12-ஐ 18-ஆல பெருக்குடா!"

அப்பா ஒருவழியாக 57 ஆயிரம் கொட்டேஷனுக்குத் தலையாட்டிவிட்டார். கடைக்காரர் சந்தோஷமாகச் சொன்னார்: "கேபினெட்டோட 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் ஃப்ரீ சார்."

மகன் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் கண்ணெல்லாம் கார்டின் டப்பா மேல். அப்பாதான் அந்தத் தகரப் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பினார். ஓரத்தில் ஒட்டியிருந்த லேபிளைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"தம்பி, மேல 450 வாட்னு போட்டிருக்கு. 12 வோல்ட்டுல 18 ஆம்பியர்தானே எழுதியிருக்கு? 12-ஐ 18-ஆல பெருக்குடா."

மகன் பெருக்கினான். 216.

கம்ப்யூட்டரில் அதிகம் மின்சாரம் குடிக்கும் புராசஸரும் கார்டும் அந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான் எடுக்கின்றன. ஆர்.எக்ஸ் 6600-க்கு 132 வாட். ஐ3-12100எஃப் உச்சத்தில் இழுப்பது 89 வாட். இரண்டுக்குமே 221 வேண்டும். ஃபேன், போர்டு எல்லாம் கணக்கில் வரவே இல்லை. மற்ற வோல்ட்டேஜ்களில் கிடைப்பதையும் கூட்டிச் சேர்த்துத்தான் 450 என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, கார்டுக்கு வேண்டிய 8 பின் ஒயரும் அதில் இல்லை. "கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்" என்றார் கடைக்காரர்.

"மோட்டாருக்குத் தாங்காத ஒயர்ல லைன் இழுத்தா என்னாகும்னு எனக்குத் தெரியும் தம்பி. அதெல்லாம் வேணாம்" என்றார் அப்பா.

வாங்குபவர்கள் பலர் கோட்டை விடுவது இந்த எஸ்.எம்.பி.எஸ்-ஸில்தான். மட்டமான எஸ்.எம்.பி.எஸ் போகும்போது தனியாகப் போகாமல், போர்டையும் கார்டையும் கூடவே அழைத்துக்கொண்டு போகக்கூடும். 550 வாட் என்றால் 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் எழுதியிருக்க வேண்டும். '80 பிளஸ்' முத்திரை இருப்பது நல்லதுதான். ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு மட்டுமே. பாதுகாப்புக்குச் சான்று அது இல்லை. நல்ல கம்பெனியா, எத்தனை வருட வாரன்ட்டி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ் என்றால், கார்டு மாற்றினாலும் புராசஸர் மாற்றினாலும் அது அப்படியே இருக்கும்.

நல்ல 550 வாட் சேர்த்ததும் மொத்தம் 60 ஆயிரத்தைத் தாண்டியது. எதைக் குறைப்பது? கலர் லைட் கேபினெட் போய், முன்பக்கம் காற்றுப் புகும் வலை வைத்த சாதாக் கேபினெட் வந்தது. மகனுக்குக் கொஞ்சம் முகம் வாடியது. 1 டி.பி எஸ்.எஸ்.டி 500 ஜி.பி ஆனது. எஸ்.எஸ்.டி-யைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஐ3-ஐயும் மாற்றவில்லை. 12, 13, 14-ம் தலைமுறை இன்டெல் புராசஸர்கள் ஒரே சாக்கெட்டில் உட்காருபவை. காசு சேரும்போது அதே போர்டில் ஓர் ஐ5-ஐ மாட்டிக்கொள்ளலாம்.

ரேமில்தான் இழுபறி. 2025 கடைசியிலிருந்து, ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்கள் பெருமளவில் போவதால் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. "16 ஜி.பி ஒரே ஸ்டிக்கா போட்டுக்கலாமா?" என்று கேட்டார் கடைக்காரர். 8 ஜி.பி ஸ்டிக் இரண்டாகப் போட்டால் புராசஸர் இரண்டு பாதையில் எடுக்கும்; பல கேம்களில் வித்தியாசம் தெரியும். கொட்டேஷனில் எழுதியபடி இரண்டு ஸ்டிக்தான் வேண்டும் என்று மகன் பிடிவாதமாக நின்றான். நின்றது சரி. பணம் நிஜமாகவே தட்டுப்பட்டால் ஒரு 8 ஜி.பி-யோடு தொடங்கி, அதே மாடலில் இன்னொன்றைப் பிறகு வாங்கலாம்.

கடைசியில் 59,700. ஜி.எஸ்.டி போட்ட பில்தான் வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொன்னார். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவிகிதம் மிச்சமாகலாம். மூன்றாவது மாதம் கார்டு போனால், 'எங்க கடையில வாங்கினதே இல்லை' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? டப்பாக்களையும் தூக்கிப் போடாமல் பரணில் வைத்துக்கொள்வது நல்லது. வாரன்ட்டிக்கு அனுப்பும்போது தேவைப்படும்.

சாயந்திரம் வீட்டில் ஹால் டிவியோடு இணைத்து ஆன் செய்தார்கள். ஃபேன் சுற்றியது. டிவியில் 'நோ சிக்னல்'. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா மகனைப் பார்த்தார். பதறிப்போய்க் கடைக்கு போன் போட்டார்கள்.

"ஹெச்.டி.எம்.ஐ ஒயரை எங்க சொருகியிருக்கீங்க தம்பி? மேலயா, கீழயா?"

மேலே, போர்டில் சொருகியிருந்தான். 12100எஃப்-பில் இருக்கும் அந்த 'எஃப்', உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது என்பதற்கான அடையாளம். போர்டில் இருக்கும் சாக்கெட் அதோடு வேலை செய்யாது. ஒயரை எடுத்துக் கீழே, கார்டில் சொருகினான். டிவியில் வெளிச்சம் வந்தது.

ராத்திரி பத்து மணி வரை கேம் டவுன்லோடு ஆகிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்குத்தான் சீரியல் போச்சு.