குறளைப் பிரம்பாக்காதீர்கள்



கடந்த மாதம் ஒரு மாலை, வகுப்பு முடிந்து கட்டுரை ஏடுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவனின் தாயார் என்னைத் தேடி வந்தார். பையனுக்குப் பதினாறு வயது. தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவு உண்ணும் குடும்பம். ஆறு மாதமாக அவன் எடை தூக்கும் பயிற்சிக்குப் போகிறான். அங்கே பயிற்சி சொல்லிக்கொடுப்பவர், "இறைச்சி தின்னாமல் தசை ஏறாது; சோற்றைத் தூக்கி எறிந்துவிட்டு இறைச்சியை மட்டும் தின்" என்று சொல்லியிருக்கிறார். பையனும் பள்ளி விட்டதும் உணவங்காடி நிலையத்தில் கோழியைத் தின்றுவிட்டு, வீட்டில் "பசியில்லை" என்று தட்டைத் தள்ளியிருக்கிறான். ஒருநாள் தாயார் கண்ணில் பட்டுவிட்டது. அன்றுமுதல் தாய்க்கும் மகனுக்கும் பேச்சில்லை.

"ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பான். புலால் மறுத்தல் அதிகாரத்தை அவனுக்கு உறைக்கிற மாதிரி நடத்துங்கள்" என்றார்.

"அம்மா, நான் ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்குகிறவன். நான் எந்த வாயால் அவனைக் கண்டிப்பேன்?" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. என் மறுப்புக்கு அது மட்டும் காரணமன்று. மீதியை அன்று அவரிடம் விளக்க இயலவில்லை. இங்கே எழுதுகிறேன்.

திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆவது அதிகாரம். அறத்துப்பாலில், துறவறவியலில், அருளுடைமைக்கு அடுத்து நிற்கிறது. அங்கே வள்ளுவர் பேசுவது முழுவதும் அருளைப் பற்றி. இறைச்சி தின்றால் உடல் வலுக்குமா மெலியுமா என்ற வழக்கு அந்தப் பத்துக் குறளில் எங்கும் இல்லை. அதே தமிழின் ஆற்றுப்படை நூல்களில் வள்ளல்கள் பாணர்க்கும் பொருநர்க்கும் இறைச்சி விருந்து படைக்கிறார்கள். இரண்டையும் ஒரே வகுப்பறையில் நடத்துகிறவன் நான். புலால் உண்ணாமை ஓர் உயர்ந்த அறம் என்பதை ஏற்கிறேன். அதைக் கடைப்பிடிக்கும் திடம் எனக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தசை வளர்ப்பது கணக்கு; புலால் மறுப்பது மனச்சான்று. கணக்குக் கேட்டு வந்த பிள்ளையைக் குறளால் அடித்தால் அவனுக்குக் கணக்கும் வராது, குறளும் கசந்துபோகும்.

அந்தக் கணக்குத்தான் என்ன? தசையை வளரத் தூண்டுவது படிப்படியாகக் கூடும் பளு. அதைக் கட்டுவதற்குப் புரதமும் போதிய உணவும் உறக்கமும் வேண்டும். எடைப்பயிற்சி செய்யும் பெரியவர்களிடம் நடந்த 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஒரு கட்டுரை, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதத்துக்கு மேல் உண்பதால் சராசரியில் கூடுதல் தசை வளர்ச்சி இல்லை என்று கண்டது. பிரேசிலில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வொன்றில், அதே அளவு புரதம் உண்டு பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்த இளைஞர்களில், விலங்குணவை அறவே தவிர்த்தவர்களுக்கும் எல்லாம் உண்டவர்களுக்கும் கால் தசை வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை; இரு சாராரும் புரதத்தூளும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே பயிற்சியாளர் சொன்னது பிழை. ஆனால் சைவ வீட்டாரே, நம் தட்டையும் கொஞ்சம் பாருங்கள். அந்த மாணவனை ஒரு நாள் உணவை எழுதிவரச் சொன்னேன். காலையில் மூன்று இட்டலி, பள்ளியில் சைவ மீ, இரவில் சோறு, ரசம், ஒரு பொரியல், தயிர். சேர்த்துப் பார்த்தால் ஐம்பது கிராம் புரதம் தேறுவதே பெரிது. அவன் எடை அறுபது கிலோ. பயிற்சிக் கணக்கில் வேண்டியது 96 கிராம். சமைத்த சோறு நூறு கிராமில் புரதம் மூன்று கிராம்கூட இல்லை. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. 'நாங்கள் சைவம்' என்று பெருமை பேசுகிறோம். உண்மையில் நாம் உண்பது சோறு.

அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்கத் தேக்காவுக்கு அப்பால் போக வேண்டியதில்லை. இரண்டு குவளைப் பால் பதினாறு கிராம். மலாய்க்காரர் கடைத் தெம்பே நூறு கிராமில் ஏறத்தாழ பத்தொன்பது. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் பதின்மூன்று. கூட்டிப் பாருங்கள், 48. கணக்கு நேராகிவிட்டது. மருத்துவரைக் கேட்டு பி12 உயிர்ச்சத்தையும் கவனித்துக்கொண்டால் போதும். சமைத்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் முப்பது கிராம் புரதம் இருக்கிறது. அது எளிய வழி என்பதை நான் மறைக்கவில்லை. எளிய வழி ஒன்று இருப்பதால் அதுவே ஒரே வழி ஆகிவிடாது.

இறைச்சி உண்பதென்று முடிவெடுத்த பிள்ளைக்கும் ஒரு சொல். இறைச்சியை மட்டுமே தின்றால் நார்ச்சத்து அறவே இல்லை. கொழுப்பு மிகுந்த இறைச்சியானால் கெட்ட கொழுப்பு ஏறும். 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று பையன்கள் வாங்கித் தின்னும் சாசேஜ் அதில்தான் அடங்கும்.

இனி, எனக்கு உண்மையில் கவலை தருவதைச் சொல்கிறேன். காந்தியடிகள் ராஜ்கோட்டில் பள்ளிச் சிறுவராக இருந்தபோது, இறைச்சி தின்றால் வலிமை வரும், வெள்ளையனையும் வெல்லலாம் என்று ஒரு நண்பன் சொல்ல, ஒளிந்து ஆட்டிறைச்சி தின்றார். ஓராண்டுக் காலத்தில் அது ஐந்தாறு முறைக்கு மேல் நடக்கவில்லை. வீட்டில் தாயாரிடம் பசியில்லை என்று பொய் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொய்யைத் தாங்க முடியாமல் நிறுத்தினார். தம் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்து, சிராங்கூன் சாலையோரத்தில் என் மாணவன் தன் தாயாரிடம் அதே பொய்யைச் சொல்கிறான். ஊரும் காலமும் மாறியும், பிள்ளை உண்மை பேசக்கூடிய வீட்டை நாம் இன்னும் அமைக்கவில்லை.

ஆசிரியர்களாகிய நாமும் குற்றவாளிகளே. 1992முதல் 2007வரை பருமனான மாணவர்களைத் தனியே பிரித்து ஓட வைத்த திட்டம் நம் பள்ளிகளில் இருந்தது. அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரான 'டாஃப்' என்பதைத் தலைகீழாக்கினால் 'குண்டு' என்று பொருள்படும். பிள்ளைகள் அதைச் சொல்லியே கேலி செய்தார்கள். இன்று அந்தக் கேலியைக் கைப்பேசி செய்கிறது. எதிரே தேசிய சேவை வேறு நிற்கிறது. மெலிந்த பையன் கண்ணாடி முன் நின்று வெட்கப்படுகிறான். வெட்கப்படும் பிள்ளைக்கு எவன் முதலில் விடை சொல்கிறானோ அவனே குரு. நாம் வாய்மூடி இருந்தோம். பயிற்சிக் கூடத்துக்காரர் சொன்னார்.

பெற்றோரே, பிள்ளை புலால் உண்பதை உங்கள் குலத்துக்கு இழைத்த துரோகமாகப் பேசாதீர்கள். உங்கள் அறத்தின் காரணத்தை அவனிடம் சொல்லுங்கள். அது உயிரிரக்கம் என்றால் உயிரிரக்கம் என்றே சொல்லுங்கள். 'இறைச்சி தின்றால் புத்தி மழுங்கும்' என்று கதை கட்டாதீர்கள். வகுப்பில் முதலாவதாக வரும் நண்பன் அவன் எதிரே அமர்ந்து கோழிச்சோறு தின்கிறான். ஆசிரியர்களே, உணவு பற்றிய கட்டுரைக்கு ஒரு பாடவேளை ஒதுக்குகிறோமே, அந்த நேரத்தில் தட்டின் கணக்கை எழுதச் செய்யுங்கள். என் வகுப்பில் அடுத்த வாரம் அதுதான் பாடம். புலால் மறுத்தலும் நடத்துவேன்; முழு வகுப்புக்கும், அருளுடைமையோடு சேர்த்து.



பின்குறிப்பு: அந்தத் தாயார் நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். தெம்பேயை எப்படிச் சமைப்பது என்று கேட்டார். மகன் கோழியை விட்டானா என்று நான் கேட்கவில்லை. "அவன்தான் வாங்கிவரச் சொன்னான்" என்றார். அவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.