நாங்களும் கடன் குடுக்கப் போறமா?

தோழர்களுக்கு,

போன மாதக் கூட்டத்தில ஒரு யோசனை வந்தது. ஊரில இருக்கிற பெண்களுக்கு நாங்களே ஒரு 'சிறுகடன் நிதியம்' தொடங்குவம், வட்டி குறைவு, கூடவே 'நிதி அறிவு' வகுப்பு. பாதிப் பேர் தலையாட்டினோம். நானும்தான். இப்ப யோசிக்க வெட்கமாக இருக்கு.

முல்லைத்தீவில இருக்கிற என்ர சித்திக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போன் எடுக்கக்கூடாது. அண்டைக்குத்தான் கம்பனிப் பொடியன் கிழமைக்காசு வாங்க வருவான். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்திக்கு மற்ற நாலு பேரும் பிணை. ஒருத்தி கட்டாட்டி, மற்றவை சேர்த்துக் கட்டும்வரை அவன் முற்றத்தை விட்டு எழும்பமாட்டான். அவன் சத்தம் போடத் தேவையில்லை, பக்கத்து வீட்டு அக்காவே போடுவா. அயலுக்குள்ள இருந்த ஒட்டுறவையே ஈடாக வாங்கின வியாபாரம் இது. சித்தி முதல் கடன் எடுத்தது கோழி வளர்க்க இல்லை, பாதியில நிண்ட வீட்டுக்குக் கூரை போட. இரண்டாவது, முதலாவதைக் கட்ட. அவவுக்கு நிதி அறிவு படிப்பிக்கப் போறமாம்! மூன்று கம்பனியின்ர தவணையும் கொப்பி பாராமல் சொல்லுவா.

2018இல் இலங்கைக்குப் போன ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி 220 சதவீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார். அதே வருசம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது. கணக்குத் தெரியாததால் வந்த வினையா இது? 2009க்குப் பிறகு நட்டஈடும் காணியும் தொழிலும் வந்திருக்க வேண்டிய வாசலுக்குக் கடன் வந்தது. அதுக்கு முதல் போட்டவர்களில் ஐரோப்பிய அரசுகளின் வளர்ச்சி வங்கிகளும் உண்டு, நெதர்லாந்தின் எஃப்.எம்.ஓ. அதில் ஒன்று. அதாவது, எங்களில் பலர் வரி கட்டுற நாடுகள்.

2021 மார்ச் 8, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடயில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 50 நாளுக்கு மேல் நடந்தது. அவை கேட்டதில் முதலாவது, கடனை ரத்துச் செய். பெரும்பாலும் சிங்களப் பெண்கள். சித்தியின்ர அதே குழு, அதே கிழமைக்காசு. எங்கட மடலில் அதைப் பற்றி ஒரு வரி வரேல்லை. ஏன் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

வட்டியைக் குறைச்சால் நாங்கள் நல்ல கடன்காரர் ஆகிவிடுவம் எண்டு நினைக்கிற தோழர்களிட்ட ஒண்டு கேக்கிறன். ஒருத்தி கட்டாட்டி என்ன செய்வியள்? அவவின்ர முற்றத்துக்கு ஆரை அனுப்புவியள்?

காசு சேர்ப்பம், வேண்டாமெண்டு சொல்லேல்லை. வடக்கில சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கு, கடன் எடுக்கிறவையே அங்க அங்கத்தவர். அவைக்குத் திருப்பிக் கேக்காமல் குடுப்பம். கடன் ரத்துக் கோரிக்கையை மூன்று மொழியிலும் எங்கட பேரில போடுவம். நிதியத் திட்டம் அடுத்த கூட்டத்தில வாக்கெடுப்புக்கு வருகுது. நான் எதிராகக் கை தூக்குவன்.