தாசரின் பாட்டு, மடத்தின் கதை

சரளி வரிசை கற்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஆசான் புரந்தரதாசர். அவரது கீர்த்தனைகளை, மடத்து அரசியலைக் கிழிக்கும் நாடகத்தில் கோத்தால்? 1970-களில் பெங்களூரில் பி.வி. காரந்த் அதைத்தான் செய்தார். நாடகம்: 'ஜடபரத' என்ற பெயரில் ஜி.பி. ஜோஷி எழுதிய 'சத்தவர நெரளு' (செத்தவரின் நிழல்). மேடையேற்றியது காரந்தின் பெனகா குழு.

சிறுவயதில் குப்பி வீரண்ணா கம்பெனியில் வளர்ந்தவர் காரந்த். கம்பெனி நாடகங்களில் ராஜபார்ட் பாட ஆரம்பித்தால் கதை நின்றுவிடும். 'ஒன்ஸ் மோர்' குரல் எழுந்தால் செத்த ராஜாகூட எழுந்து பாட வேண்டியதுதான். நம் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையும் இதற்கு விலக்கல்ல. காசியில் ஓம்கார்நாத் தாக்கூரிடம் சங்கீதம் பயின்று வந்த காரந்த், பாட்டையே கதையை நகர்த்த வைத்தார். அவரது ஒத்திகையில் கல், மூங்கில், பாத்திரம் எல்லாமே வாத்தியம். வித்வான்கள் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் கோயிலில் உருக வைக்கும் அதே வரிகள், பதவிக்கு அலைபவர்கள் நடுவே ஒலிக்கும்போது சுருக்கென்று தைக்கின்றன.

ஒத்திகையிலேயே பிறந்த இசையில் ஒரு சங்கடமும் உண்டு. ஸ்வரக் குறிப்பு மட்டும் அதைக் காப்பாற்றாது. 2002-ல் காரந்த் மறைந்த பிறகும் பெனகா இந்த நாடகத்தைக் கைவிடவில்லை. புதிதாக வரும் நடிகருக்குப் பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டினால்தான் உண்டு.